வீட்டுக்குப் பெயர் வைத்த கதை: உங்களுடையதையும் சொல்லுங்கள்

தாமிரபரணிக்கரை:

தை மாதம் பாளையங்கோட்டையில் வீடு கட்டி முடித்தோம். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டியதிலிருந்து பால் காய்ச்சியது வரை பதினோரு மாதம். அந்தப் பதினோரு மாதத்தில் வராத சண்டை, வாசல் கல்லில் என்ன பெயர் வெட்டுவது என்ற கடைசிப் பத்து நாளில் வந்தது. அப்பாவுக்குத் தாத்தா பெயரோடு 'நிவாஸ்' சேர்க்க வேண்டும். எனக்கு நிவாஸ் பிடிக்காது, இல்லம் என்றோ அகம் என்றோ முடிய வேண்டும். "என் நகை இன்னும் அடகுல இருக்கு, அதை மீட்டுட்டுப் பேர் வைக்கலாம்" என்று மனைவி. சித்தப்பா எண்கணிதம் பார்ப்பவர். இங்கிலீஷில் எழுதிக் கூட்டினால் ஆறு வர வேண்டுமாம், அதற்கு நடுவில் இன்னொரு 'ஏ' போடச் சொன்னார். தமிழில்தானே வெட்டப் போகிறோம், அதில் எங்கே போய் ஏ-யைச் சொருகுவது என்று கேட்டேன். கோபித்துக்கொண்டு சாப்பிடாமலே கிளம்பிவிட்டார்.

சரி, மற்றவர்கள் என்னதான் வைத்திருக்கிறார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருத் தெருவாக நடந்தேன். எங்கள் ஊரில் நாலு வீட்டுக்கு ஒரு எபெனேசர், ஆறு வீட்டுக்கு ஒரு பெத்தேல். சின்ன வயதிலிருந்து பார்க்கிற பெயர், அர்த்தம் தெரியாது. பக்கத்து வீட்டு ரிட்டயர்டு டீச்சரம்மாதான் சொன்னார்கள்: சாமுவேல் ஒரு கல்லை நிறுத்தி, இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார் என்று சொல்லி அதற்கு வைத்த பெயர் எபெனேசர், உதவியின் கல் என்று பொருள். அப்புறம் மேலப்பாளையம் பக்கம் போனால் அரபியில் ஒரே வாசகம் பல வாசலில். அது குர்ஆனில் 27ஆம் அத்தியாயத்தில் சுலைமான் நபி சொல்வது, 'இது என் இறைவனின் அருட்கொடை'. எனக்கு அந்த 'இம்மட்டும்' தான் மனதில் நின்றது. வீட்டுக் கடனில் இன்னும் இருபது வருஷத் தவணை பாக்கி இருக்கிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் உண்டா? ஆனால் நாங்கள் முருகன் கோயிலுக்குப் போகிற குடும்பம், எபெனேசர் என்று போட்டால் அப்பா அன்றைக்கே ஊருக்குக் கிளம்பிவிடுவார்.

கடைசியில் கிரகப்பிரவேசத்தன்று வாசலில் எழுத்தே இல்லாத கறுப்புக் கல். வந்தவர்கள் எல்லாரும் அதில் முகம் பார்த்துத் தலைசீவிக்கொண்டு போனார்கள். இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நீங்கள் எல்லாம் எப்படி வைத்தீர்கள்?

விளவங்கோட்டுக்காரி:

உங்களுக்குப் பத்து நாள் சண்டை. எங்கள் குமரி மாவட்டப் பக்கம் யாரும் வீட்டுக்குப் பெயர் 'வைப்பது' கிடையாது, பெயர் ஏற்கெனவே இருக்கும், நாம் போய் அதில் குடியேறுவோம். 1956 நவம்பர் 1 அன்று நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ஆனால் வீட்டுப்பெயர் விஷயத்தில் இன்னும் பழைய திருவிதாங்கூர்க்காரர்கள்தான். நிலத்துக்கு ஒரு பெயர், அநேகமாக 'விளை' என்று முடியும். பலா நின்றால் பிலாவிளை, மேற்கே இருந்தால் மேக்கேவிளை. அந்த விளையில் கட்டினால் வீட்டுக்கும் அதே பெயர். கடிதத்தில் ஆளுடைய பெயருக்கு அடுத்த வரியில் வருவது அதுதான், கதவு எண்ணை யாரும் கேட்கவே மாட்டார்கள். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான். ஒரே தெருவில் ஒரே பெயரில் மூன்று பேர் இருப்பார்கள், வீட்டுப்பெயரைச் சொன்னால்தான் எந்த ஆள் என்று தெரியும்.

எங்கள் வீட்டுக்குப் பெயர் புத்தன்வீடு, புது வீடு என்று அர்த்தம். என் அம்மையின் தாத்தா பாகம் பிரிந்து வந்து கட்டியது, அப்போது புதிது. இப்போது ஓட்டுக்கு மேலே செடி முளைத்துக் கிடக்கிறது, உத்தரத்தைக் கரையான் தின்கிறது, அதற்கு எதிரே என் தம்பி போன வருஷம் டைல்ஸ் போட்டு மாடி கட்டினான். மாடி வீட்டுக்கு ஊரில் என்ன பேர் தெரியுமா? 'புத்தன்வீட்டுக்கு எதிரில உள்ள வீடு'.

கல்யாணமாகிச் சென்னை வந்தபோது ஒரு வங்கியில் கணக்குத் தொடங்கப் போனேன். ஊர்ப்பழக்கத்தில் முகவரிக் கட்டத்தில் முதலில் வீட்டுப்பெயரை எழுதினேன். அவர்கள் அதை என் குடும்பப்பெயர் என்று நினைத்து ஏற்றிவிட்டார்கள். பாஸ்புக்கில் இன்னமும் நான் 'புத்தன்வீடு' தான். மாற்றித் தரச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், இப்போது விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், அதைப் பார்த்தால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

உளிச்சத்தம்:

கல்வெட்டுக் கடை எங்களுடையது, அப்பா காலத்திலிருந்து. அப்பா உளியால் ஒவ்வொரு எழுத்தாக வெட்டுவார், ஒரு பலகைக்கு இரண்டு நாள். நான் கம்ப்யூட்டரில் ஸ்டிக்கர் வெட்டிக் கல்மேல் ஒட்டி, காற்றழுத்தத்தில் மணலைப் பீய்ச்சுகிறேன். ஸ்டிக்கர் இல்லாத இடம் மட்டும் குழியும், அதில் தங்க நிறப் பெயின்ட், முடிந்தது. அதற்கும் முந்தைய காலத்தில் கொத்தனாரே சிமென்டில் எழுத்து பிதுக்கி, மாடிக் கைப்பிடிச் சுவரின் நடுவில் பெயரும் கீழே வருஷமும் போட்டுவிடுவார். அந்த எழுத்து இன்றைக்கும் நிற்கிறது. நான் போடுகிற பெயின்ட் மேற்கு வெயில் படுகிற வாசலாக இருந்தால் சீக்கிரமே வெளுத்துப் போகும், அதை யாரும் கடையில் சொல்ல மாட்டார்கள், நான் இங்கே சொல்கிறேன்.

அப்பாவின் பழைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினால் ஆரம்பத்தில் எல்லாம் விலாஸ், நிவாஸ், பவனம். பிறகு வரிசையாக இல்லம், அகம். இப்போது என்ன வருகிறது என்றால், அப்பா பெயரில் முதல் எழுத்து, அம்மா பெயரில் நடு எழுத்து, பையன் பெயரில் கடைசி எழுத்து எல்லாம் சேர்த்து ஒரு சொல், அது எந்த மொழி என்று கேட்டால் அவர்களுக்கே தெரியாது. நான் எதுவும் சொல்வதில்லை. எழுத்துக்கு இவ்வளவு என்று காசு. புள்ளி வைத்த எழுத்துக்கும் அதே காசுதான், தள்ளுபடி கேட்காதீர்கள்.

ஒரு தடவை 'இன்ப இல்லம்' என்று ஒரு ஆர்டர். கல்லை வண்டியில் ஏற்றும்போது ஓரம் உடைந்து கடைசி 'ம்' போய்விட்டது. டிரைவர் சொல்லாமல் இறக்கி வைத்துவிட்டு வந்துவிட்டான், மேஸ்திரியும் அப்படியே பதித்துவிட்டார். காலையில் வாசலில் 'இன்ப இல்ல'. வீட்டுக்காரம்மா போனில் பேசியதை இங்கே எழுத முடியாது. ஓடிப் போய்ச் சாக்குத் துணியால் மூடிவிட்டு, ராத்திரியோடு ராத்திரியாக வேறு கல் வெட்டிக் கொடுத்தேன். அதனால் தாமிரபரணிக்கரை அண்ணே, எந்தப் பெயராக இருந்தாலும் முதலில் காகிதத்தில் எழுதி, பள்ளிக்கூடப் பிள்ளை யாரையாவது வாசிக்கச் சொல்லுங்கள். பெரியவர்கள் மனதில் இருப்பதை வாசிப்பார்கள், எழுதியிருப்பதை வாசிக்க மாட்டார்கள்.

பழைய தபால்:

முப்பத்தோரு வருஷம் கடிதம் கொடுத்தவன், அதில் பாதி திருவல்லிக்கேணியில். சென்னையில் வீட்டுப்பெயரை நம்பிக் கடிதம் போட்டால் நான் அழுதுவிடுவேன். ஒரே தெருவில் மூன்று 'அன்னை இல்லம்' இருந்தது. தி.நகரில் சிவாஜி வீட்டுக்கு அந்தப் பெயர் இருந்ததால் ஊரெல்லாம் அதே. அம்மா பெயரை வைக்கிறவர்கள் இன்னொரு வகை. போயஸ் தோட்டத்து 'வேதா நிலையம்' ஜெயலலிதா அம்மாவின் தாயார் வேதவல்லியின் பெயர். இதற்கு மேல் பழைய எண், புதிய எண் என்று இரண்டு எண். வீட்டுவரி ரசீதிலோ கரண்ட் பில்லிலோ வீட்டுப்பெயரை எவனும் கேட்பதில்லை, ஆனாலும் ஆசை விடுமா?

எனக்குப் பிடித்தது ஒன்றே ஒன்றுதான். திருவட்டீஸ்வரன்பேட்டையில் உ.வே.சாமிநாதையர் தம் வீட்டுக்குத் 'தியாகராச விலாசம்' என்று பெயர் வைத்திருந்தார். சாமி பெயர் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை, அது தியாகராச செட்டியார். கும்பகோணம் கல்லூரியில் தமது இடத்துக்கு 1880இல் ஐயரைச் சிபாரிசு செய்து உட்கார வைத்தவர். வேலை வாங்கித் தந்தவருக்கு நாம் ஒரு கிலோ ஸ்வீட் கொடுப்போம், ஐயர் வீட்டையே அவர் பெயருக்கு எழுதிவிட்டார். 2012இல் அந்த வீட்டை இடித்தார்கள். அந்தப் பக்கம் போவதை அதற்குப் பிறகு நிறுத்திவிட்டேன்.

ஏழாவது வாடகை வீடு:

சொந்த வீட்டுக்காரர்களே, கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். நான் பத்து வருஷம் குடியிருந்த வீட்டின் பெயர் 'உழைப்பின் பரிசு'. மாதம் பிறந்து ஐந்தாம் தேதி தாண்டினால் கதவைத் தட்டுவார் ஓனர். யாருடைய உழைப்பு, யாருக்குப் பரிசு என்று வாசலைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும். இப்போது இருக்கிற அடுக்குமாடிக்கு மெடோஸ் என்று முடிகிற பெயர். புல்வெளி என்று அர்த்தமாம். புல் இல்லை, வெளியும் இல்லை, கார் நிறுத்தத்தில் ஒரு துளசித் தொட்டி உண்டு.

சாந்திநிகேதன் போனபோது பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தாகூர் அங்கே உத்தராயண் வளாகத்துக்குள் மட்டும் வீடு மாற்றிக்கொண்டே இருந்திருக்கிறார்: உதயன், கோணார்க், சியாமளி, புனஸ்ச, உதீசி. சியாமளி மண் வீடு, கூரைகூட மண்தான். புனஸ்ச என்றால் கடிதத்தின் அடியில் எழுதுகிற 'பின்குறிப்பு' என்றார் வழிகாட்டி. எல்லாம் எழுதி முடித்த பிறகு இன்னும் ஒன்று சொல்ல மறந்துவிட்டேன் என்பது போல ஒரு வீடு! அங்கேயே சிரித்துவிட்டேன். எனக்கு இதுவரை ஏழு பின்குறிப்பு ஆகிவிட்டது, கடிதத்தைத்தான் இன்னும் எழுதவில்லை.

வலிகாமத்தான்:

விளவங்கோட்டு அக்கா சொன்ன விளை மாதிரித்தான் எங்கட யாழ்ப்பாணத்திலும். காணி ஒவ்வொன்றுக்கும் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில், பெயர் இருக்கும். எங்களுடையது புளியடி வளவு, நாலு பரப்பு. புளியமரத்தை நான் கண்டதில்லை, அம்மா கண்டதில்லை, அம்மம்மா சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே விழுந்துபோனதாம். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளிக்கிட்டபோது அம்மா எடுத்தது மூன்று பொருள்: தாலிக்கொடி, எங்களுடைய பிறப்புச் சான்றிதழ்கள், பொலித்தீன் பையில் சுற்றிய அந்த உறுதி. பிறகு எத்தனையோ வீடுகளில் இருந்தோம். சொந்தக்காரர் வீடு, பள்ளிக்கூடம், கொட்டில். பை மட்டும் மாறியது, உள்ளே இருந்தது மாறவில்லை.

யுத்தம் முடிந்து கன வருஷத்துக்குப் பிறகு எங்கள் பகுதியை ராணுவம் விட்டது. கனடாவிலிருந்து நானும் அம்மாவும் போனோம். வீடும் இல்லை, மதிலும் இல்லை, வேலி எது ஒழுங்கை எது என்று தெரியாத பற்றை. கிணற்றுக்கட்டு மட்டும் பாதி. கிராம சேவகர் வந்து நின்று, வீட்டு நம்பரைக் கேட்கவில்லை, தெருப்பெயரைக் கேட்கவில்லை. "காணிக்கு என்ன பேர் அம்மா?" என்றார். எழுபத்தெட்டு வயது அம்மா, மூட்டு நோவோடு கிணற்றுக்கட்டில் ஏறி இருந்துகொண்டு, "புளியடி வளவு. கிழக்கே இலுப்பையடி, தெற்கே ஒழுங்கை" என்று நாலு பக்க எல்லையையும் ஒப்புவித்தார். கிராம சேவகர் தன்னுடைய கொப்பியில் சரி என்று ஒரு கோடு போட்டார்.

இப்போது ஸ்காபரோ வீட்டு வாசலில் மரப்பலகையில் தமிழில் 'புளியடி' என்று போட்டிருக்கிறேன். பனி விழுந்தால் அது மறைந்துபோகும், அம்மா காலையில் விளக்குமாற்றோடு போய்த் தட்டிவிட்டு வருவார். பக்கத்து வீட்டு இத்தாலியக் கிழவர் அதை எங்கள் குடும்பப்பெயர் என்று நினைத்து என்னை 'மிஸ்டர் புலியாடி' என்கிறார். திருத்தவில்லை. விளவங்கோட்டு அக்காவுக்கு நடந்ததும் இதுதானே.

தாமிரபரணிக்கரை:

எல்லாருக்கும் நன்றி. வலிகாமத்தான் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

நேற்று நடந்ததைச் சொல்ல வேண்டும். அப்பா கிராமத்திலிருந்து இங்கே வந்து நாலு மாதம்தான் ஆகிறது, தெருக்கள் பழகவில்லை. சாயங்காலம் மார்க்கெட் போனவர் திரும்பும்போது வழி தவறிவிட்டது. போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தார், கதவு எண் நினைவில்லை. ஒரு ஆட்டோக்காரரிடம் தன் பெயர், என் பெயர், நான் வேலை பார்க்கிற இடம் எல்லாம் சொல்லியிருக்கிறார், அவருக்குப் பிடிபடவில்லை. புதுசாக் கட்டின வீடு, கறுப்புக் கல்லில் ஒண்ணும் எழுதியிருக்காது என்றதும், "அடடே, தண்ணித்தொட்டி வீடா? முதல்லயே சொல்லக் கூடாதா ஐயா" என்று நேராகக் கொண்டுவந்து இறக்கிவிட்டார். வீடு கட்டும்போது ரோட்டோரமாகச் செங்கல் வைத்து ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டியிருந்தோம். பதினோரு மாதமும் தெருவில் போகிற மாடு, ஆடு, ஆட்டோக்காரர்கள் எல்லாரும் அதில்தான். பூசு வேலை முடிந்ததும் இடித்துவிட்டோம்.

ராத்திரி சாப்பிடும்போது அப்பாவே கேட்டார், "அதையே வெட்டிப்புட்டா என்னடே?" மனைவி சிரித்த சிரிப்பில் குழம்பு சிந்தியது. இன்று காலையில் உளிச்சத்தம் சொன்ன மாதிரி காகிதத்தில் எழுதி மகளிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "நடுவில ஒரு த் விட்டுட்டீங்கப்பா" என்றாள். ஒரு எழுத்துக்குக் காசு கூடும், பரவாயில்லை. சித்தப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை.