எர்ன்ஸ்ட் அபே தொழிலாளருக்கு விட்டுச்சென்றது: உங்கள் அனுபவங்கள்

பதிவு

ஜெர்மனியின் யேனா நகரில், சைஸ் ஒளியியல் நிறுவனத்தை நடத்திய இயற்பியலாளர் அபேயின் சமன்பாடு பொறித்த நினைவுக்கல்லை இங்குப் பலரும் பார்த்திருப்பீர்கள். நுண்ணோக்கி எவ்வளவு நுண்ணியதைப் பிரித்துக் காட்டும் என்று எல்லை வகுத்த அந்த வரியை நான் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, சைஸ் ஆலையில் வில்லைகளை மெருகேற்றி ஓய்வுபெற்ற மூதாட்டி ஒருவர், "இவருடைய தந்தை எப்படிச் சாப்பிட்டார் தெரியுமா?" என்று கேட்டார். ஐசனாக் நூற்பாலையில் நாளுக்கு 14 முதல் 16 மணி நேரம் நின்று உழைத்த அந்த மனிதர், சிறுவன் அபே கொண்டுபோன உணவை இயந்திரத்தில் சாய்ந்தபடியே அவசரமாக விழுங்கிவிட்டு உடனே வேலைக்குத் திரும்புவாராம். 48 வயதிலேயே அவர் கிழவராகிவிட்டதை அபேயே 1901இல் வேலைநேரக் குறைப்பைப் பற்றிய உரையில் சொல்லியிருக்கிறார். மூதாட்டி காலிப் பாத்திரத்தைத் திருப்பித் தருவதுபோல் என்னிடம் கையை நீட்டிக் காட்டினார். அபே 1889இல் தொடங்கிய அறக்கட்டளையையும் சைஸ் ஆலையில் 1900இல் வந்த எட்டு மணி நேர வேலைநாளையும் முன்பே படித்திருந்தேன். ஆனால் நீண்ட அந்தக் கைதான் இன்றும் கண்முன் நிற்கிறது.

மறுமொழி 1

தலைப்பைத் திருத்த வேண்டும். அபே நிறுவனத்தைத் தொழிலாளருக்குக் கொடுக்கவில்லை. 1891இல் சைஸ், கண்ணாடி செய்யும் ஷாட் ஆகிய இரு நிறுவனங்களிலும் தமக்கிருந்த பங்குகளை அறக்கட்டளைக்கு மாற்றினார். அதற்கும் தம் பெயரை வைக்காமல், 1846இல் பட்டறையைத் தொடங்கிய கார்ல் சைஸின் பெயரையே வைத்தார். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. நான் முன்பு வேலை பார்த்த ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் பங்குகளை எங்களுக்கே பிரித்துக் கொடுத்தார். அவர் மறைந்ததும் நல்ல விலை வந்தது. விற்கலாமா என்ற வாக்கெடுப்பில் கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்ததை மறக்க இயலவில்லை. இளையவர்களுக்கு அதன்பின் எதுவும் மிஞ்சவில்லை. எவராலும் விற்க முடியாதபடி கட்டி வைத்ததே அபேயின் பெரிய கொடை.

மறுமொழி 2

எவராலும் அசைக்க முடியாதது என்று மேலே எழுதியவர் நம்புவதை என்னால் ஏற்க இயலவில்லை. 1945இல் அமெரிக்கப் படையினர் யேனாவின் வல்லுநர்கள் பலரை மேற்கே அழைத்துச் சென்றனர். 1948இல், சோவியத் ஆதிக்கத்திலிருந்த கிழக்கு ஜெர்மனிப் பகுதியில் நின்றுவிட்ட யேனா ஆலை அரசுடைமையானது. அவ்வாறு மேற்கே போனவர் ஒருவரின் மகனை மேற்கு ஜெர்மனிப் பகுதியிலுள்ள ஓபர்கோஹன் ஊரில் சந்தித்தேன். "இரு பக்கத்தாரும் அபேயின் வாரிசு நாங்களே என்றார்கள், என் தந்தைக்கோ தம்முடன் வேலை செய்தவர்கள் அந்தப் பக்கத்தில் இருந்தார்கள்" என்று சொல்லிவிட்டு, அவர் நெடுநேரம் பேசவில்லை.

மறுமொழி 3

நானும் யேனாவுக்குப் போயிருக்கிறேன். கட்டடக் கலைஞர் வான் டி வெல்ட வடிவமைத்த அபே நினைவு மண்டபத்தில், சிற்பி மொனியேயின் உழைப்பாளர் புடைப்புச் சிற்பங்களின் முன்னே, பள்ளிச் சிறுமி ஒருத்தி சிற்பத்திலுள்ளவர்களைப் போலவே முதுகை வளைத்து நின்று பார்த்தாள்.

இவ்வழியில் நிறுவனத்தை விட்டுச்செல்ல எண்ணும் உரிமையாளர்கள் எவரேனும் இதைப் படித்தால், பங்குகளை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அபேயின் அறக்கட்டளைக்கு எழுதப்பட்ட 1896ஆம் ஆண்டின் விதிகளில் ஓய்வூதியம், ஊதியத்துடன் கூடிய விடுப்பு, வேலை போனால் ஈட்டுத்தொகை, பிறப்பு, மதம், அரசியல் பாராமல் நடத்துதல் ஆகியவை தொழிலாளி வழக்காடிப் பெறத்தக்க உரிமைகளாகவே எழுதப்பட்டன. நல்லெண்ணம் உள்ள நிர்வாகி இருக்கும்வரை எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். அவருக்கு அடுத்து வருபவரை மனத்தில் வைத்து எழுதுங்கள். ஒவ்வொரு விதிக்கும் காரணத்தையும் எழுதி வையுங்கள், ஏனெனில் காலம் மாறும்போது விதியின் சொல்லைத் திருத்த நேர்ந்தாலும் நோக்கம் கையில் இருக்கும். மேலாளர்களின் ஊதிய உச்சவரம்பைத் தொகையாகக் குறிப்பிடாதீர்கள். அபே அதைத் தொழிலாளரின் சராசரி வருமானத்தின் பத்து மடங்கு என்று வைத்தார்; அதனால் தம் ஊதியத்தை உயர்த்த விரும்பும் மேலாளர் முதலில் தொழிலாளரின் ஊதியத்தை உயர்த்தியாக வேண்டும்.