புதுப்பிப்பு: 20 ஆம்பியரை சால்டர் ஜாயின்ட் தாங்குமா?

12 வோல்ட் பேட்டரி சார்ஜர் போர்டில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) பின்னைச் சுற்றிக் கருகுகிறது, பற்றவைக்கும் ஈயம் (சால்டர்) 20 ஆம்பியரைத் தாங்காதா என்று கேட்டிருந்தேன். பாதிப் பேர் "இன்னும் ஈயம் வை" என்றீர்கள், மீதிப் பேர் "முதலில் அளந்து பார்" என்றீர்கள். அளந்துவிட்டேன்.

லோடு ஓடும்போதே மில்லிவோல்ட் ரேஞ்சில் பார்த்தேன். தடை இருக்கும் இடத்தில்தான் வோல்ட் தெரியும், சூடும் பிறக்கும். நல்ல ஜாயின்ட்டில் பின்னுக்கும் பேடுக்கும் (பின்னைப் பற்றவைக்கும் செம்பு வட்டம்) நடுவே மீட்டர் அசையவே இல்லை. ஈயத்தின் மின்தடைத்திறன் செம்பைப்போல எட்டு மடங்குக்கு மேல்தான். ஆனால் கரண்ட் அதற்குள் கடக்கும் தூரம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்கு. சூடு பிறப்பது டிராக்கில், அதாவது போர்டில் கரண்ட் ஓடும் செம்புப் பட்டையில். 5 மி.மீ. அகலம், 50 மி.மீ. நீளம், 35 மைக்ரான் செம்பு: சுமார் 100 மில்லிவோல்ட், அதாவது 2 வாட்! அந்தச் சூடு செம்பு வழியே நேராகப் பின்னுக்கு வருகிறது.

கருகிய பின்னில் மட்டும் தனியாக 40 மில்லிவோல்ட். லென்ஸ் வைத்துப் பார்த்தால் பின்னைச் சுற்றி மயிரிழை போல வட்டமாக ஒரு விரிசல். சூடாகிச் சூடாகி ஆறியதில் வந்தது.

பழைய ஈயத்தை உறிஞ்சிவிட்டு, ஃபிளக்ஸ் (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) போட்டுப் புதிதாக வைத்தேன். டிராக் மேல் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியைப் படுக்கவைத்துப் பற்றவைத்ததும் டிராக்கில் இருந்த அந்த 100 மில்லிவோல்ட் வெறும் 7-க்கு இறங்கிவிட்டது. ஈயத்தையே தடிமனாக ஊற்றச் சொன்ன அண்ணனுக்கு: 1 மி.மீ. ஊற்றினாலும் 0.12 மி.மீ. செம்புக்குத்தான் சமம். கம்பியே மலிவு.

ரிலே காண்டாக்டை (உள்ளே தொட்டுப் பிரியும் முனைகளை) இன்னும் அளக்கவில்லை, அடுத்து அதுதான்.