சிலுவையில் இயேசு பாவியாக மாறினாரா?

தேத்தாத்தீவுத் தம்பி:
பெரிய வெள்ளி அன்று ஏழு வார்த்தைகள் ஆராதனைக்குப் போயிருந்தேன். எந்தச் சபை என்று சொல்ல மாட்டேன், மட்டக்களப்பு சின்ன ஊர். "ஏலீ! ஏலீ! லாமா சபக்தானி" (என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்) என்ற நாலாவது வார்த்தைக்கு வந்த பிரசங்கியார், "அந்த மூன்று மணி நேரமும் இயேசு பாவியாகவே மாறிவிட்டார், அதனால்தான் பிதா முகத்தைத் திருப்பிக்கொண்டார்" என்றார். ஆதாரமாக 2 கொரிந்தியர் 5:21 ஐ வாசித்தார்: "பாவம் அறியாத அவரை நமக்காகப் பாவமாக்கினார்." இயேசு பாவமில்லாதவர் என்றுதான் ஓய்வுநாள் பாடசாலையில் படித்தோம். பாவியாக மாறியவர் எப்படிப் பலியாக முடியும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சண்டை வேண்டாம்.

கல்லடிப்பாலம்:
பிரசங்கியார் சொன்னது சரி தம்பி. வசனம் "பாவம் சுமந்தார்" என்று சொல்லவில்லை, "பாவமாக்கினார்" என்கிறது. ஏசாயா 53:6 ஐயும் பாருங்கள், நம்மெல்லாருடைய அக்கிரமத்தையும் கர்த்தர் அவர்மேல் விழப்பண்ணினார். கலாத்தியர் 3:13 இல் "நமக்காகச் சாபமாகி." இதெல்லாம் வெறும் பேச்சுக்கு என்றால் எங்கள் மன்னிப்பும் பேச்சுக்குத்தான். கிறிஸ்து உலகத்துப் பாவிகளிலெல்லாம் பெரிய பாவியாக நின்றார் என்று மார்ட்டின் லூத்தரே எழுதியிருக்கிறார். பிதா முகம் திருப்பியதற்கு ஆபகூக் 1:13: "தீமையைப் பார்க்கமாட்டாத சுத்தக்கண்ணனே."

பெரியகல்லாறு:
லூத்தரைப் பாதியில் விட்டுவிட்டீர்கள் தம்பி. தன்னளவில் கிறிஸ்து குற்றமற்றவர், எங்கள் பாவங்கள் அவர் கணக்கில் வந்ததால்தான் அப்படி நிற்கிறார் என்பதுதான் லூத்தரின் வாதம். வங்கியில் ஒருவருக்குப் பிணை நின்றவர் கடனைக் கட்ட வேண்டியவர்தான். அதற்காக அவரைக் கடனைக் கட்டாமல் ஏமாற்றியவர் என்று யாரும் சொல்வதில்லை.

ஆபகூக்கிலும் அப்படித்தான். அதே வசனம் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள்: "பின்னை துரோகிகளை நீர் நோக்கிக்கொண்டிருக்கிறதென்ன?" அதாவது, தீமையைப் பார்க்கமாட்டாதவர் என்று நான் நம்பிய நீர் இப்போது பார்த்துக்கொண்டிருக்கிறீரே என்று தீர்க்கதரிசி முறையிடுகிறார். பாதி வசனத்தை வைத்துப் பிரசங்கம் கட்டினால் இதுதான் நடக்கும்.

இனிப் பலிக்கு வருவோம். பலிச் சட்டங்கள் உள்ள லேவியராகமத்தை யாரும் வாசிப்பதில்லை, வாசித்தால் இந்தக் கேள்வியே வராது. பழுதற்ற ஆடுதான் வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் 6 ஆம் அதிகாரம் 25 ஆம் வசனத்தைப் பாருங்கள். பாவநிவாரணபலி கொல்லப்பட்ட பிறகும் "அது மகா பரிசுத்தமானது." ஆசாரியன் அந்த இறைச்சியைப் பரிசுத்த இடத்தில் சாப்பிடுகிறான், அதைத் தொடுகிறதெல்லாம் பரிசுத்தமாகிறது. பாவம் அந்த ஆட்டுக்குள் இறங்கி ஆடே அசுத்தமாகிவிட்டது என்றால் இந்தச் சட்டத்துக்கு அர்த்தமே இல்லை.

16 ஆம் அதிகாரம் இன்னும் தெளிவு. பாவநிவாரண நாளில் இரண்டு கடாக்கள். ஆரோன் இரண்டு கையையும் வைத்து ஜனத்தின் பாவங்களை அறிக்கையிடுவது எந்தக் கடாவின் தலையில்? உயிரோடு வனாந்தரத்துக்கு அனுப்பப்படுகிற கடாவின் தலையில். கொல்லப்பட்டு, இரத்தம் மகா பரிசுத்த ஸ்தலத்துக்குள் கொண்டுபோகப்படுகிற கடா வேறு. பாவத்தால் நிறைந்த ஒன்றின் இரத்தத்தை உள்ளே கொண்டுபோக விடுவார்களா? இயேசு கடைசி மூச்சு வரை பழுதற்றவராக இருந்தால்தான் அது பலி.

ஜெபவீரன்:
ஐயா பழைய சட்டத்திலேயே நிற்கிறார். இயேசு சரீரத்தில் மட்டுமல்ல ஆவியிலும் மரித்தார், பாதாளத்தில் வேதனைப்பட்டு அங்கே மறுபடியும் பிறந்தார். இதுதான் வெளிப்பாடு!

கல்லடிப்பாலம்:
பிரதர், அது அமெரிக்கப் பிரசங்கியார் கென்னத் கோப்லண்ட் போன்றவர்கள் பிரசங்கித்தது. நானும் பெந்தெகொஸ்தேக்காரன்தான், எங்கள் பாஸ்டரும் அதை ஏற்கமாட்டார். "முடிந்தது" என்று சிலுவையிலேயே சொல்லியாயிற்று. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று கள்ளனுக்கு வாக்குக் கொடுத்தவர் பாதாளத்தில் வேதனைப்படப் போனாரா? நான் சொல்வது வேறு, அதோடு இதைச் சேர்க்காதீர்கள்.

புளியந்தீவான்:
நான் கத்தோலிக்கன், எங்களிடம் இது கி.பி. 451 இலேயே தீர்ந்த விஷயம். திருச்சபையின் கல்செதோன் பொதுச்சங்கம் தெளிவாகச் சொன்னது: பாவம் தவிர மற்ற எல்லாவற்றிலும் நம்மைப் போன்றவர்.

"ஏலீ, ஏலீ" 22 ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அந்தச் சங்கீதத்தை 24 ஆம் வசனம் வரை வாசித்துக்கொண்டு போங்கள். உபத்திரவப்பட்டவனை அவர் அருவருக்கவில்லை, தம்முடைய முகத்தை அவனுக்கு மறைக்கவில்லை, கூப்பிட்டபோது கேட்டார் என்றிருக்கிறது. இயேசு பாடத் தொடங்கிய சங்கீதமே முகத்தை மறைக்கவில்லை என்று சொல்லும்போது பிரசங்கியார் மறைத்தார் என்கிறார். மறுகா, கடைசி வார்த்தை என்ன? "பிதாவே, உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்." முகத்தைத் திருப்பிக்கொண்டவரின் கையில் யாராவது உயிரைக் கொடுப்பார்களா?

கல்லடிப்பாலம்:
அப்படியானால் "ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது நடிப்பா? முழுச் சங்கீதத்தையும் நினைத்துச் சொன்னார் என்பது உங்கள் ஊகம். மத்தேயுவும் மாற்குவும் அந்த ஒரு வரியைத்தான் எழுதினார்கள். அந்த வலியை நீங்கள் சங்கீத விளக்கத்தால் மழுப்பக்கூடாது.

கல்முனை அக்கா:
இந்த இடத்தில் கல்லடிப்பாலம் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. நடிப்பு என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் நீங்கள் எல்லாரும் ஒரு கேள்வியைத் தாண்டிப் போகிறீர்கள். பாவம் செய்ய அவரால் முடியுமா, முடியாதா? ஓய்வுநாள் பாடசாலையில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்டது: "அவருக்குப் பாவம் செய்யவே ஏலாது என்றால் சோதனையில் ஜெயித்ததில் என்ன பெருமை ரீச்சர்?" எபிரெயர் 4:15 "எல்லாவிதத்திலும் நம்மைப்போல் சோதிக்கப்பட்டும்" என்கிறது. 5:7 இல் பலத்த சத்தத்தோடும் கண்ணீரோடும் விண்ணப்பம் பண்ணினார் என்றிருக்கிறது. செய்ய முடிந்தும் செய்யவில்லை என்பதுதான் என் நம்பிக்கை.

புளியந்தீவான்:
அக்கா, அங்கே கவனம். அவர் யார்? தேவனுடைய குமாரன். பாவம் செய்ய முடியும் என்றால் தேவன் பாவம் செய்ய முடியும் என்றாகிவிடும். மனித சித்தம் இருந்தது உண்மை, 681 இல் மூன்றாம் கொன்ஸ்தாந்திநோப்பிள் சங்கம் இரண்டு சித்தம் என்று அறிக்கையிட்டது. அந்த மனித சித்தம் எதிர்க்காமல் கீழ்ப்படிந்தது. கெத்செமனேயில் பட்ட பாடு அதுதான். விழ முடியாதவருக்குச் சோதனை லேசு என்று நினைக்காதீர்கள். நாம் பாதியில் விழுந்துவிடுகிறோம், முழுப் பாரத்தையும் கடைசி வரை தாங்கியவர் அவர்தான்.

கல்முனை அக்கா:
கடைசி வரி அந்தப் பிள்ளைக்கு விளங்கும். மற்றது விளங்காது.

வாவிக்கரை:
நான் உங்கள் சபைக்காரன் இல்லை, பள்ளிக்கூடம் மட்டும்தான் மிஷன். வெளியிலிருந்து கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். பாவமே இல்லாதவர் என்கிறீர்கள். பாவமன்னிப்புக்கான யோவானின் ஞானஸ்நானத்துக்கு ஏன் போனார்? "தேவன் ஒருவர் தவிர நல்லவன் ஒருவனுமில்லையே" என்று ஏன் சொன்னார்? காலமல்லாத காலத்தில் அத்திமரத்தைச் சபித்தது எந்த நியாயம்?

சரி, இதற்கெல்லாம் பதில் வைத்திருப்பீர்கள். என் உண்மையான கேள்வி வேறு. என் தாய் ஊர் தம்பிலுவில். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு, கண்ணகி கதையைப் பாடும் கண்ணகி வழக்குரை கேட்டு வளர்ந்தவன். அங்கேயும் குற்றமில்லாத ஒருவன் அரச கட்டளையால் கொல்லப்படுகிறான். உண்மை தெரிந்ததும் பாண்டியன் தானே கள்வன் என்று சொல்லி உயிரை விடுகிறான். எங்கள் கதையில் குற்றமற்றவனைக் கொன்றது அநியாயம், அதற்கு ஊரே எரிந்தது. உங்கள் கதையில் குற்றமற்றவரைக் கொன்றதையே நீதி என்கிறீர்கள். அவர் எவ்வளவுக்குப் பாவமற்றவரோ அவ்வளவுக்கு அது பெரிய அநியாயம் அல்லவா? உங்கள் எசேக்கியேல் 18:20 உம் பாவஞ்செய்கிற ஆத்துமாவே சாகும் என்றுதானே சொல்கிறது?

பெரியகல்லாறு:
1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மட்டக்களப்பில் வந்து இறங்கியதிலிருந்து எங்களிடம் கேட்கப்பட்ட நல்ல கேள்விகளில் இது ஒன்று தம்பி. (பாவம், ஒரு வருடம் முடியமுதல் அவர் இறந்துபோனார்.)

சின்னதை முதலில் முடிக்கிறேன். ஞானஸ்நானம்: யோவானே தடுத்தார், மத்தேயு 3:14. பாவிகளின் வரிசையில் நிற்கத் தானாகப் போனார். "நல்லவன்" என்ற இடத்தில் அவர் தன்னைப் பாவி என்று சொல்லவில்லை, அந்த வாலிபன் யோசிக்காமல் போட்ட சொல்லைப் பிடித்துக் கேட்டார். அத்திமரம் ஆலயத்துக்கு வந்த தீர்ப்பின் அடையாளம், மாற்கு அதை ஆலயத்தில் வியாபாரிகளைத் துரத்திய சம்பவத்துக்கு இரண்டு பக்கமும் வைத்தது சும்மா அல்ல.

இப்போது கண்ணகி. சிலுவையில் கொன்றதை நீதி என்று பேதுரு சொல்லவில்லை. அப்போஸ்தலர் 3:15 இல் "ஜீவாதிபதியைக் கொலைசெய்தீர்கள்" என்று எருசலேம் ஜனத்தின் முகத்துக்கு நேரே சொல்கிறார். அவரிடத்தில் ஒரு குற்றமும் காணேன் என்று ரோம தேசாதிபதி பிலாத்து மூன்று தரம் சொன்னதை யோவான் எழுதுகிறார், அதற்குப் பிறகும் அவன் ஒப்புக்கொடுத்தான். அந்தத் தீர்ப்பைத் தேவன் ஏற்றுக்கொள்ளவில்லை, மூன்றாம் நாளில் எழுப்பினார். உங்கள் கதையில் ஊர் எரிந்தது. இங்கே கொன்றவர்களிலிருந்தே முதல் சபை உண்டானது.

வாவிக்கரை:
அப்படியானால் கொலையா, பலியா? ஒன்றைச் சொல்லுங்கள் ஐயா.

பெரியகல்லாறு:
கொன்றவர்கள் பக்கம் கொலை. அவர் பக்கம் பலி. யோவான் 10:18, "ஒருவனும் அதை என்னிடத்திலிருந்து எடுத்துக்கொள்ளமாட்டான், நானே அதைக் கொடுக்கிறேன்." எசேக்கியேல் சொல்வது, ஒருவன் பாவத்தை இன்னொருவன் தலையில் கட்டக்கூடாது என்று. இங்கே யாரும் கட்டவில்லை, அவரே எடுத்துக்கொண்டார். 2 கொரிந்தியர் 5:21 ஐ வாசிக்கிறவர்கள் இரண்டு வசனம் மேலே போய் "தேவன் கிறிஸ்துவுக்குள்" இருந்தார் என்பதையும் வாசிக்க வேண்டும். மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடித்து அடித்த கதை அல்ல இது.

கல்லடிப்பாலம்:
ஐயா, அதெல்லாம் சரி, கலாத்தியர் 3:13 ஐ இன்னும் தொடவில்லையே. சாபமாகி என்றால் சாபம்தான்.

பெரியகல்லாறு:
அது உபாகமம் 21:23 இல் இருந்து எடுத்தது. மரத்தில் தூக்கப்பட்டவன் சபிக்கப்பட்டவன், ஆகவே பிரேதம் இரவிலும் அங்கே இருக்கக்கூடாது. அதனால்தான் பொழுதுபடமுதல் இறக்கி அடக்கம் பண்ணினார்கள். சபிக்கப்பட்டவன் தொங்கும் இடத்தில் அவர் தொங்கினார், அதை நான் மறுக்கவில்லை. பாவியாக மாறினார் என்பதைத்தான் மறுக்கிறேன்.

வாவிக்கரை:
நானே எடுத்துக்கொண்டேன் என்று ஒருவர் முன்வந்தால் நீதிபதி விட்டுவிடலாமா? உண்மையான குற்றவாளி வீட்டுக்குப் போகலாமா? எங்கள் மாவட்டத்து ஆட்கள் எவ்வளவு காலமாக நீதிக்குக் காத்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குப் பதில் இன்னும் வரவில்லை ஐயா.

தேத்தாத்தீவுத் தம்பி:
வாவிக்கரை அண்ணாவின் கேள்விக்குப் புதிய திரி ஒன்று தொடங்குகிறேன், எல்லாரும் அங்கே வாருங்கள். எனக்கு வேண்டியது லேவியராகமம் 6:25 இல் கிடைத்துவிட்டது. பிரசங்கியாரிடம் அதைக் கொண்டுபோய்க் காட்டப் போகிறேன்.