பாட்டியோட சுகர் நோட்டுக்கு 250 கோடி அபராதமா?

நைட்டூட்டி அக்கா (திருவொற்றியூர்):
நேத்து இங்க ஒருத்தர் எழுதிட்டுப் போயிருக்காரு: "வடசென்னையில வயசானவங்கள வீட்டோட பாத்துக்குற ஆளுங்களுக்கு ரெக்கார்டு எழுதவே தெரியாது. நோட்டைப் போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல போடுறாங்க. புதுச் சட்டத்துல இதுக்கு 250 கோடி வரைக்கும் அபராதம்." இன்னா சார் இது? ஒரு நைட்டுக்கு எங்களுக்கு இன்னா கூலின்னு தெரியுமா? 250 கோடிய எந்த முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கோம்? மொதல்ல என் நோட்டைப் பாருங்க. லாங் சைஸ், ஸ்கேல் வெச்சு கோடு. டைமு, பிரஷர், சுகர், எத்தினி யூனிட் ஊசி, வயித்துல எந்தப் பக்கம் போட்டது, யூரின் பேக்ல எத்தினி எம்எல், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வெச்சது, கடைசியில கையெழுத்து. நோட்டு பேப்பரு. பேப்பருக்கு அந்தச் சட்டம் கிடையாது. தெரிஞ்சிக்கினு பேசுங்க.

மான்செஸ்டர் ரிட்டர்ன் (பெரம்பூர்):
எழுதினது நான்தான், நேராவே திட்டலாம். அக்கா, உங்க கோடும் ஸ்கேலும் ரொம்ப அழகு. ஆனா போட்டோ எடுத்த நிமிஷமே அது டிஜிட்டல். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், மூணாவது பிரிவு. பேப்பர்ல வாங்கி அப்புறமா டிஜிட்டலா மாத்தினாலும் சட்டத்துக்குள்ள வந்துடும். நான் இங்கிலாந்துல, மான்செஸ்டர்ல கேர் ஹோம்ல, அதாவது முதியோர் பராமரிப்பு இல்லத்துல, வேலை பார்த்தவன். அங்க ஒருத்தருக்குப் பராமரிப்பு முடிஞ்சப்புறமும் 8 வருஷம் அவர் ஃபைலை வெச்சிருக்கணும். அவரே நகல் கேட்டா ஒரு மாசத்துல தரணும். சொந்த போன்ல பேஷண்ட் போட்டோ இருந்தா விசாரணைதான். இங்க என்னடான்னா பாட்டியோட யூரின் அளவு சித்தப்பா, மச்சான், கார் டிரைவர் வரைக்கும் எல்லார் போன்லயும் இருக்கு.

கொருக்குப்பேட்ட கொசு:
வந்துட்டாருபா. பொங்கல் வாழ்த்துக்குக் கூட "அங்கல்லாம் மான்செஸ்டர்ல"ன்னு ஆரம்பிச்சவரு.

நைட்டூட்டி அக்கா:
கொசு, நீ ரவ சும்மா இரு, நான் பேசிக்கிறேன். சார், எதுக்குப் போட்டோ எடுக்குறோம்னு கேளுங்க. காலையில பாட்டிக்கு இன்சுலின் ஊசி போட்டுட்டு நோட்டுல எழுதிட்டு கெளம்பிட்டேன். பகல் டூட்டிக்கு வந்த பொண்ணு புதுசு, நோட்டைத் தொறக்கவே இல்ல. மறுபடியும் இன்சுலின் பேனாவ எடுத்துட்டா. அவங்க பெரிய புள்ள வீட்டு வாட்ஸ்அப் குரூப்ல என் போட்டோவப் பாத்துட்டு ஆபீஸ்ல இருந்து போன் அடிச்சு நிறுத்துனாரு. ரெண்டாவது ஊசியும் ஏறியிருந்தா சுகர் தடால்னு எறங்கி ஆள் மயங்கியிருக்கும். அப்ப உங்க மூணாவது பிரிவு வந்து குளுக்கோஸ் குடுக்குமா? நோட்டு பேப்பரு. போட்டோ புள்ளைக்குத் தகவல். அவ்ளோதான்.

ரெக்கார்டு ரூம் ரிடையர்டு (ராயபுரம்):
இருவரும் அடிப்படையை விட்டுவிட்டீர்கள். அரசு மருத்துவமனைப் பதிவறையில் பணி ஓய்வு பெறும்வரை இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுக்க விதிகள்படி, உள்நோயாளிகளின் பதிவை மருத்துவர் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அம்மணியின் நோட்டு இந்த விதியில் எங்கும் வராது. ஏனெனில் அது பதிவே அல்ல, குறிப்பு. நிற்க. வீடுகளில் எழுதும் இத்தகைய நோட்டுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இரவு 10 மணி, 12 மணி, 2 மணி, 4 மணி என்று நான்கு வரி இருக்கும். நான்கும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம், நான்கிலும் "நன்றாகத் தூங்கினார்". விடியற்காலை ஒரே மூச்சில் எழுதியது என்று கண்ணுள்ளவனுக்குத் தெரியும்.

நைட்டூட்டி அக்கா:
யாரப் பாத்து இன்னா சொல்றீங்க பெரியவரே? ஒரே பேனாவுல எழுதாம மணிக்கு ஒரு பேனா வாங்கவா? தாத்தா மோஷன் போயிட்டு பெட்ஷீட்லாம் ஆயிடும். தொடைச்சு, பவுடர் போட்டு, டயப்பர் மாத்தி, கை கழுவிட்டு வந்துதான் பேனாவத் தொட முடியும். ரெண்டு மணிக்கு நடந்தத ரெண்டரைக்கு எழுதுவேன், டைம் ரெண்டுன்னுதான் போடுவேன். அது பொய்யா? ஒயிட்னர் வெச்சு அழிச்சது ஒரு எடத்துல காட்டுங்க பாக்கலாம். தப்பாயிட்டா ஒத்தக் கோடு அடிச்சு பக்கத்துல கையெழுத்து. எங்களுக்கும் தெரியும். உங்க ரெக்கார்டு ரூம்ல ஃபைல எலி தின்னுட்டதா நீங்களேதான் போன தீபாவளிக்கு இங்க கதை சொன்னீங்க. எலி தின்னாத நோட்டு என்னுது.

ரெக்கார்டு ரூம் ரிடையர்டு:
எலி தின்றது பழைய பில் கட்டு. நோயாளிக் கோப்பு அல்ல. அன்றே விளக்கம் கொடுத்துவிட்டேன்.

கொருக்குப்பேட்ட கொசு:
எலிக்குக் கூட எது ரெக்கார்டு, எது குறிப்புன்னு தெரிஞ்சிருக்கு பாரேன்.

துபாய் மகள்:
ஒரு நிமிஷம். என் அம்மா தண்டையார்பேட்டையில தனியா இருந்தாங்க. படுக்கையோட படுக்கை. ஒரு ஏஜென்சி மூலமா ஆள் வெச்சிருந்தோம், பேரு வேணாம். அம்மாவுக்கு முதுகுக்குக் கீழ படுக்கைப் புண். அதைப் போட்டோ எடுத்து ஏஜென்சியோட ஸ்டாஃப் குரூப்ல போட்டிருக்காங்க. அந்தக் குரூப்ல யார் யார் இருக்காங்கன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியாது. போட்டோவுக்குக் கீழ அம்மா பேரு, கதவு நம்பர், "பொண்ணு வெளிநாட்டுல, வீட்ல வேற ஆள் இல்ல, சாவி செருப்பு ஸ்டாண்டுக்குப் பின்னாடி." மாத்து ஆள் தேடப் போட்ட மெசேஜாம். வேலையை விட்டுப் போன ஒரு பையன் போன்லயும் அது இருந்துச்சு. அவன் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

நைட்டூட்டி அக்கா:
படிக்கவே வயிறு எரியுதும்மா. சாவிய எழுதுனவன் கையில சூடு வெக்கணும். ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அது நோட்டு இல்ல. புண்ணு போட்டோ. ஏஜென்சிக்காரன் பண்ணது. நான் பேசறது நோட்டைப் பத்தி. நோட்டு பேப்பரு.

மான்செஸ்டர் ரிட்டர்ன்:
பாருங்க, நான் சொன்னதுக்கு இதைவிட என்ன சாட்சி வேணும்? போட்டோ. டிஜிட்டல். மூணாவது பிரிவு.

ஜார்ஜ் டவுன் குமாஸ்தா:
வக்கீல் ஆபீஸ்ல உக்காந்திருக்கேன், சீனியர் கோர்ட்டுக்குப் போயிட்டார், அதனால சொல்றேன். மூணாவது பிரிவைப் பாதியிலேயே நிறுத்திட்டீங்க. அதே பிரிவு, ஒரு தனி ஆள் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்குப் பயன்படுத்துற தகவலுக்குச் சட்டம் கிடையாதுன்னும் சொல்லுது. பிள்ளைங்க அஞ்சு பேர் அம்மா சுகரைப் பாத்துக்குற குரூப் வேற, கம்பெனி நடத்துற ஸ்டாஃப் குரூப் வேற. 250 கோடிங்கறது தகவலைப் பத்திரமா வெச்சுக்காத நிறுவனத்துக்கு அதிகபட்சம், கூலிக்கு வர்ற அக்காவுக்கு இல்ல. விதிமுறை வந்ததே 2025 நவம்பர்ல. முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம் குடுத்திருக்காங்க. அதுவரைக்கும் ஏஜென்சிக்கு ஒண்ணும் இல்லைன்னு இல்ல. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோட 2011 விதிகள்ல உடல்நிலை, மருத்துவப் பதிவு எல்லாம் அந்தரங்கத் தகவல் பட்டியல்லயே இருக்கு. துபாய் மேடம், அதுல பிடிக்கலாம்.

மான்செஸ்டர் ரிட்டர்ன்:
ஆக, போட்டோ எடுத்தா டிஜிட்டல்னு குமாஸ்தாவும் ஒத்துக்கிட்டார். நன்றி.

நைட்டூட்டி அக்கா:
ஆக, வீட்டு குரூப்புக்குச் சட்டம் இல்லன்னு குமாஸ்தா தம்பி சொல்லிட்டாரு. இனிமே யாரும் என் நோட்டைப் பத்திப் பேசக் கூடாது.

ஜார்ஜ் டவுன் குமாஸ்தா:
நான் சொன்னது ரெண்டு பேரும் சொல்றது இல்ல.

கொருக்குப்பேட்ட கொசு:
குமாஸ்தாவுக்கு ஃபீஸ் குடுக்காம ஆளுக்குப் பாதி எடுத்துக்கிட்டாங்கபா. நானும் ஒண்ணு தேடிப் புடிச்சேன். மான்செஸ்டர் அண்ணாத்தைக்கு டெடிகேட் பண்றேன். ஸ்காட்லாந்துல லனார்க்ஷயர்னு ஒரு எடம். அங்க அரசு சுகாதாரத் துறை ஆளுங்க 26 பேர் ரெண்டு வருஷமா ஒரு வாட்ஸ்அப் குரூப்ல நோயாளி பேரு, போன் நம்பர், அட்ரஸ்னு 500 தடவைக்கு மேல போட்டிருக்காங்க. 2023ல நடவடிக்கை வந்துச்சு. தண்டனை இன்னா தெரியுமா? கண்டிச்சு ஒரு லெட்டர். பத்து பைசா அபராதம் இல்ல. அந்த ஊர் கதை இது, நம்ம பாட்டிக்கு 250 கோடியா?

மான்செஸ்டர் ரிட்டர்ன்:
ஸ்காட்லாந்து வேற, மான்செஸ்டர் வேற. அப்புறம், கண்டிச்சாங்களா இல்லையா? இங்க கண்டிக்கக் கூட ஆள் இல்லைன்னுதானே சொல்றேன். அந்தக் குரூப்லயும் போட்டோ போட்டாங்கதானே?

நைட்டூட்டி அக்கா:
போட்டோ போட்டோன்னு எத்தினி தடவ சொல்லுவீங்க? 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் அடிச்சப்ப நீங்க எங்க இருந்தீங்க? எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வந்துச்சு. நான் பாத்துக்கினு இருந்த வீட்டுல கட்டில் கால் முங்கிடுச்சு. ஆயாவ நாலு பேர் பெட்ஷீட்டோட தூக்கி மாடிக்குக் கொண்டு போனோம். டாக்டர் சீட்டு, ஸ்கேன், என் நோட்டு, எல்லாம் கருப்பா ஊறிப் போச்சு. அடுத்த நாள் வந்த டாக்டருக்கு இன்னா மாத்திரை, எத்தினி எம்ஜின்னு எங்கேருந்து காட்டுனேன்? என் போன்ல இருந்த போட்டோல இருந்துதான். அந்தப் போட்டோ இல்லன்னா ஆயாவுக்கு ஃபிட்ஸ் மாத்திரை நின்னு போயிருக்கும். இதுக்குத்தான் எனக்கு அபராதமா?

மான்செஸ்டர் ரிட்டர்ன்:
இதைத்தான் எதிர்பார்த்தேன். "நோட்டு பேப்பர், பேப்பர்"னு காலையில இருந்து சொன்னீங்க. இப்ப உங்க ரெக்கார்டே போன்லதான் இருந்துச்சுன்னு நீங்களே சொல்றீங்க. அந்த போனுக்கு லாக் இருக்கா? உங்க பையன் அதுல கேம் ஆடுறானா இல்லையா?

நைட்டூட்டி அக்கா:
என் பையன் பேச்சு எதுக்கு இங்க? அவன் பாலிடெக்னிக் படிக்கிறான், கேம் ஆட நேரம் இல்ல.

பகல்டூட்டி தம்பி (வியாசர்பாடி):
அக்கா, சார், நடுவுல வரேன், ஒரு சந்தேகம். எங்க சூப்பர்வைசர் நோட்டு அட்டை மேலயே சிவப்பு எழுத்துல பேஷண்டுக்கு எச்ஐவின்னு எழுதி வெக்கச் சொல்றாரு. "மத்த ஸ்டாஃப் ஜாக்கிரதையா இருக்கட்டும்"னு. எனக்கு மனசு ஒப்பல. பேஷண்டோட அண்ணன் பொண்டாட்டிக்கே அது தெரியாது.

ஜார்ஜ் டவுன் குமாஸ்தா:
எழுதாதீங்க தம்பி. 2017 எச்ஐவி சட்டம்னு தனியாவே இருக்கு. எழுதிக் குடுத்த சம்மதம் இல்லாம பொதுவா இன்னொருத்தருக்கு வெளிப்படுத்தக் கூடாது. அதுக்கு பேப்பர், டிஜிட்டல்னு பேதமே கிடையாது. காலையில இருந்து இங்க நடக்குற சண்டைக்கே அந்தச் சட்டத்துல எடம் இல்ல.

நைட்டூட்டி அக்கா:
கிளவுஸ் எல்லாருக்கும் போடு. சக்கரைக்காரன், கேன்சர்காரன், எச்ஐவிக்காரன், ஒண்ணுமே இல்லாதவன், எல்லாருக்கும். அப்ப அட்டை மேல எழுத வேண்டிய வேலையே இல்ல. சூப்பர்வைசருக்கு நான் சொன்னேன்னு சொல்லு. குத்துன ஊசிய அழிக்குற டப்பா வாங்கிக் குடுக்கத் துப்பில்ல, சிவப்பு எழுத்தாம்.

துபாய் மகள்:
நான் கேட்டதுக்கு யாரும் பதில் சொல்லலை. அந்தப் போட்டோ இப்ப யார் யார் போன்ல இருக்குன்னு ஏஜென்சி சொல்லணுமா, வேணாமா? அழிக்கச் சொல்லிக் கேட்டேன், "குரூப்ல டெலிட் பண்ணிட்டோம் மேடம்"னு முடிச்சுட்டாங்க. கேலரில இருக்கறது?

மான்செஸ்டர் ரிட்டர்ன்:
அங்கன்னா தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கிற ரெகுலேட்டருக்கு ஒரு மெயில் போட்டாப் போதும்.

கொருக்குப்பேட்ட கொசு:
போட்டா கண்டிச்சு ஒரு லெட்டர் வரும்.

ரெக்கார்டு ரூம் ரிடையர்டு:
2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதை இங்கு ஒருவரும் குறிப்பிடாதது வியப்பாக உள்ளது. மேலும், நான்கு வரியும் ஒரே பேனாவில் இருந்ததற்கு அம்மணி இன்னும் நேரடியாகப் பதில் தரவில்லை.

நைட்டூட்டி அக்கா:
ஒன்பது ஜட்ஜுக்கு நடுவுல என் பேனாவ எதுக்குச் சொருவுறீங்க? பெரியவரே, நீங்க ஏசி இல்லாத ரூம்ல உக்காந்து ஃபைல் அடுக்குனீங்க, மரியாதை குடுக்குறேன். ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு ஆளத் தனியா ஒரு பக்கம் திருப்பிப் படுக்க வெச்சுப் பாருங்க. அப்புறம் வந்து சாய்வு, அழுத்தம் பேசுங்க. இன்னிக்கு நைட்டு டூட்டி நோட்டை இங்கயே போட்டுக் காட்டுறேன், ஒவ்வொரு வரியும் வேற வேற டைம்ல எழுதுனது தெரியும்.

மான்செஸ்டர் ரிட்டர்ன்:
போடுங்க. பொது இடத்துல பேஷண்ட் நோட்டைப் போட்டோ எடுத்துப் போடுங்க. அதுதான் டிஜிட்டல்.

நைட்டூட்டி அக்கா:
பேரு தெரியாம கட்டை வெரல் வெச்சு மறைச்சுதான் போடுவேன், நீங்க ஒண்ணும் கிழிக்க வேணாம். நோட்டு பேப்பரு.

ஜார்ஜ் டவுன் குமாஸ்தா:
அக்கா, கட்டை விரலை வெச்சு மறைச்சா...

நைட்டூட்டி அக்கா:
தம்பி, எட்டு மணி ஆச்சு, பஸ் ஏறிட்டேன். பெரியவர் அந்த எலி மேட்டர்ல முழு விளக்கம் எழுதட்டும், காலையில வந்து பாக்குறேன்.

ரெக்கார்டு ரூம் ரிடையர்டு:
அது பில் கட்டு என்று இத்துடன் மூன்றாவது முறை சொல்கிறேன்.