ஆப்ப சோடா பூஞ்சைக்கொல்லி இல்ல, ‘பூஞ்சைத்தடுப்பி’ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்,

ஃபங்கிசைடுக்கு பூஞ்சைக்கொல்லின்னு ஏற்கெனவே சொல் இருக்கு, அதுல சண்டையே இல்ல. ஆனா ஆப்ப சோடா, வேப்பெண்ணெய், புளிச்ச மோர்னு வீட்டுல கலந்து ரோஜாவுக்கு அடிக்கிறதையும் நம்ம மாடித்தோட்டக் கையேட்டுச் சொல் பட்டியல்ல அதே பேர்ல சேர்த்திருக்கோமே, அது எனக்கு ஒப்பல.

எங்க பெரம்பூர், வியாசர்பாடி மொட்டமாடிங்கள்ல ஐப்பசி கார்த்திகை மழையோட ரோஜா இலைக்கு வர்றது கரும்புள்ளி நோய். இலை ஒரு 7 மணி நேரம் ஈரமாவே கெடந்தா போதும், பூஞ்சை வித்து மொளச்சு இலைத்தோலுக்கு அடியில போயிடும், அப்புறம் மேல எத அடிச்சாலும் வந்த புள்ளி போகாது, இலை மஞ்சளாகி கொட்டத்தான் செய்யும். சாம்பல் நோய் வேற மாதிரி, அதுக்கு இலை நனையணும்னே இல்ல, மார்கழி தைல ராத்திரி குளிரும் காத்துல ஈரமும் இருந்தா கொழுந்துலயும் மொட்டுலயும் மாவு தூவினாப்புல வந்துடும். இது இலை மேலயே படர்றதால ஆரம்பத்துலயே அடிச்சா சோடாவுக்குக் கொஞ்சம் கேக்கும், அவ்ளோதான்.

இத கொல்லின்னு சொன்னா ஜனங்க என்ன பண்றாங்க, புள்ளி வந்தப்புறம் அடிக்கிறாங்க, போகலன்னு இன்னும் ரெண்டு ஸ்பூன் கூட போடுறாங்க, இலை ஓரம் கருகுது. லிட்டருக்கு ஒரு டீஸ்பூனுக்கு மேல வேணவே வேணாம். அது சோடியம் வேற, தண்டையார்பேட்டை ராயபுரம் பக்கமெல்லாம் பல வீட்டுல போர் தண்ணியே உப்பு, அதையே ஊத்துற தொட்டில மேல மேல சோடியம் சேர்ந்தா வேர்தான் பாவம். ஆப்ப சோடாவுக்குப் பதிலா சோடியம் இல்லாத பொட்டாசியம் பைகார்பனேட் கெடச்சா அதுதான் நல்லது.

வேற பேருக்கு நம்ம குழுவுல அக்கா சொன்ன ‘பூஞ்சைநாசினி’ கொல்லிய விட ஒரு படி மேல போகுது. சார் சொன்ன ‘பூஞ்சையடக்கி’ நல்லாத்தான் இருக்கு, ஆனா அடக்குறதுன்னா கெளம்பினப்புறம் அடக்குறதுதானே? இயற்கை விவசாயத்துல இலைக்கரைசல பூச்சிக்கொல்லின்னு சொல்லாம பூச்சிவிரட்டின்னு பிரிச்சு வச்சாங்க, விவசாயிங்க வாயில அது சரளமா ஓடுது. அதே வழியில பூஞ்சைக்கொல்லிக்குப் பக்கத்துல பூஞ்சைத்தடுப்பி. தடுப்பூசிய நோய் வர்றதுக்கு முன்னாடி போடணும்னு எல்லாருக்கும் தெரியும்ல, அதனால எப்ப அடிக்கணும்ங்கறதையும் தனியா சொல்லிக்கொடுக்க வேண்டியதில்ல.

போர்டோ கலவையும் முன்கூட்டியே அடிக்கிறதுதானே, அதுவும் தடுப்பியான்னு தம்பி கேட்டது நியாயமான கேள்வி. 1885ல பிரான்ஸ்ல தாவரவியலாளர் மில்லார்டே திராட்சைக்குச் சொன்ன மயில்துத்தம் சுண்ணாம்புக் கலவை அது, அதுல இருக்கிற செம்பு மொளைக்கிற வித்தையே கொன்னுடும். அது கொல்லியாவே இருக்கட்டும்.

விளக்கம் இப்படி போடலாம்னு நெனைக்கிறேன்: “பூஞ்சைத்தடுப்பி: நோய் தொத்துறதுக்கு முன்னாடியோ முதல் அறிகுறி தெரிஞ்ச உடனேயோ, வெயில் ஏறாத நேரத்துல, இலையோட ரெண்டு பக்கமும் படுற மாதிரி தெளிக்கிற கரைசல்.” இதோட, விழுந்த இலைய பொறுக்கி எறியணும், தண்ணிய காலையில வேருக்கு மட்டும் ஊத்தணும்னு ஒரு வரி சேர்த்தே ஆகணும், கரும்புள்ளிக்கு சோடாவ விட அதுதான் முக்கியம். ‘தடுப்பான்’தான் வேணும்னு யாராவது சொன்னா எனக்கு மறுப்பில்ல, கொல்லி மட்டும் வேணாம். ஆட்சேபணை இருந்தா இந்த வாரத்துக்குள்ள எழுதுங்க, மழைக்கு முன்னாடி மாடித்தோட்டக் கையேட்டுல ஏத்திடலாம்.