அப்பாவுக்கு வீட்டில் எடுத்த ஸ்லீப் ஸ்டடி: ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்தே இல்லை, இதையெல்லாம் யார் கண்காணிக்கிறார்கள்?

ஈரோடு_மகன்:

அப்பாவுக்கு 63 வயது, அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். குறட்டை பல வருடமாக உண்டு, அது எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனால் ஆறு மாதமாக பேசிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிடுகிறது, ராத்திரி மூச்சு நின்று அப்புறம் திணறிக்கொண்டு எழுகிறார் என்று அம்மா தூங்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். 2021இல் அவருக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருக்கிறோம், எக்கோவில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதம் என்று சொல்லியிருந்தார்கள்.

மருந்துக் கடையில் ஒரு நோட்டீஸ் பார்த்து, வீட்டிலேயே இலவசமாக ஸ்லீப் ஸ்டடி (தூக்கத்தில் மூச்சைப் பதிவு செய்யும் டெஸ்ட்) என்று இருந்ததால் போன் செய்தேன். ஒரு பையன் வந்து மூக்கில் ஒரு குழாய், நெஞ்சில் ஒரு பெல்ட், விரலில் ஒரு கிளிப் மாட்டிவிட்டுப் போனான். மறுநாள் காலை கருவியை எடுத்துப்போய் மதியமே வாட்ஸ்அப்பில் ரிப்போர்ட் அனுப்பிவிட்டார்கள். ஏ.எச்.ஐ. 41, தீவிரம், உடனே சிபேப் மெஷின் (தூங்கும்போது முகமூடி வழியாகக் காற்றை அழுத்திச் செலுத்துவது) போட வேண்டும், விலை 74,000, தவணையிலும் கட்டலாம், இன்று ராத்திரியே போடாவிட்டால் உயிருக்கே ஆபத்து என்று மாலைக்குள் நான்கு முறை போன்.

ரிப்போர்ட்டில் எந்த டாக்டரின் பெயரும் இல்லை. கேட்டால் "சாப்ட்வேரே எல்லாம் கணக்குப் போட்டுவிடும் சார்" என்கிறார்கள். அதே ரிப்போர்ட்டில் பதிவான நேரம் 7 மணி 40 நிமிடம் என்றும், ஆக்சிஜன் பதிவு 2 மணி 50 நிமிடம் என்றும் இருக்கிறது. அம்மாவோ பயந்துபோய் நகையை வைத்தாவது வாங்கு என்கிறார்.

இந்த மாதிரி டெஸ்ட் எடுக்க லைசென்ஸ் எதுவும் வேண்டாமா? யார் வேண்டுமானாலும் எடுக்கலாமா? இதை நம்பி மெஷின் வாங்கலாமா, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இரவுப்பணி:

நண்பரே, முதலில் மெஷின் வாங்காதீர்கள். நான் ஒன்பது வருடமாக கோவையில் ஒரு மருத்துவமனையின் ஸ்லீப் லேபில் டெக்னீஷியன், ராத்திரி முழுக்க நோயாளி தூங்குவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதுதான் என் வேலை.

நீங்கள் சொன்ன அந்த 2 மணி 50 நிமிடம்தான் விஷயமே. விரல் கிளிப் பாதி ராத்திரியில் கழன்றிருக்கிறது. வீட்டில் எடுக்கும் டெஸ்டில் ஆக்சிஜனும் மூச்சும் குறைந்தது 4 மணி நேரமாவது ஒழுங்காகப் பதிவாகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப எடுப்பதுதான் முறை. ஏ.எச்.ஐ. என்பது ஒரு மணி நேரத்துக்கு எத்தனை முறை மூச்சு 10 விநாடியாவது நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்ற எண்ணிக்கை. 5க்கு மேல் போனால் லேசானது, 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் தீவிரம். மூக்குக் குழாய் நழுவும்போது சாப்ட்வேர் அதை மூச்சு நின்றதாகவே எண்ணிவிடலாம். அதனால்தான் நாங்கள் ஒவ்வொரு பக்கமாகக் கையால் திருத்துகிறோம், ஒரு ராத்திரி பதிவைத் திருத்த எனக்கு இரண்டு மணி நேரமாவது ஆகும். அதற்கு மேல் டாக்டர் அலைகளைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

உங்கள் அப்பா விஷயத்தில் எனக்கு இதைவிடப் பெரிய கவலை அவருடைய இதயம். பம்பிங் குறைந்தவர்களுக்குத் தொண்டை அடைத்து மூச்சு நிற்பது ஒரு வகை, மூளையிலிருந்து மூச்சு விடச் சொல்லும் உத்தரவே வராமல் நிற்பது இன்னொரு வகை, இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு. 2015இல் வெளியான செர்வ்-எச்.எஃப். என்ற ஆய்வில், பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள, இந்த இரண்டாவது வகை உள்ளவர்களுக்கு ஏ.எஸ்.வி. என்ற ஒரு வகை மெஷின் போட்டதில் இதயக் கோளாறால் இறந்தவர்கள் அதிகமாக இருந்தார்கள். எதற்குச் சொல்கிறேன் என்றால், மூச்சு மெஷின் என்பது யாருக்கும் எதையும் மாட்டிவிடக்கூடிய பொருள் அல்ல. இதய பலவீனம், பக்கவாதம், நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு வீட்டு டெஸ்டே பொருந்தாது, லேபில் ஆள் பக்கத்தில் இருந்து எடுக்க வேண்டும். அந்தப் பையன் உங்கள் அப்பாவிடம் மாரடைப்பு வந்திருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டானா?

ஈரோடு_மகன்:

இல்லை அண்ணா. வயது, எடை, கழுத்துச் சுற்றளவு, அவ்வளவுதான் கேட்டான்.

கோப்பும்_தணிக்கையும்:

ஒரு தனியார் மருத்துவமனையில் தரப் பிரிவில் இருக்கிறேன், லைசென்ஸ் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தூக்கப் பரிசோதனைக்கென்று தனி உரிமம் இங்கே கிடையாது. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களுக்கான ஒழுங்குமுறைச் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது, விதிகள் 2018இல்தான் வந்தன. ஆஸ்பத்திரி, கிளினிக், பரிசோதனை மையம் எல்லாம் அதன் கீழ் பதிவு செய்ய வேண்டும், மாவட்டத்தில் இதைப் பார்ப்பது மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம். ஆனால் உங்களிடம் வந்த ஆள் மையமே நடத்தவில்லை, பையில் கருவியைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். கட்டடத்தை வைத்து எழுதிய சட்டத்துக்குள் அவனைக் கொண்டுவருவது கஷ்டம். இந்த ஓட்டையைத்தான் இவர்கள் எல்லோரும் பயன்படுத்துகிறார்கள், பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிகிறது.

டெக்னீஷியன்களைப் பொறுத்தவரை 2021இல் மத்திய அரசு துணை மருத்துவத் தொழில்களுக்கான ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தது, அதன் அட்டவணையில் ஸ்லீப் லேப் டெக்னாலஜிஸ்ட் என்ற பெயரே இருக்கிறது. சட்டத்தில் பெயர் ஏறிவிட்டது. வாசலில் வந்து நிற்கும் பையனிடம் பதிவு எண் கேட்கும் பழக்கம்தான் நமக்கு இன்னும் வரவில்லை.

ஆனாலும் உங்கள் கையில் பிடி இல்லாமல் இல்லை. சிபேப் மெஷின் ஒரு மருத்துவக் கருவி, 2020 ஏப்ரலிலிருந்து எல்லா மருத்துவக் கருவிகளும் மருந்துச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. 2022 செப்டம்பரில் விதியைத் திருத்தி, கருவி விற்பவர்கள் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் எம்.டி.-42 என்ற பதிவுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆக்கிவிட்டார்கள். அந்தச் சான்றிதழின் நகலைக் கேளுங்கள். அப்புறம், எந்த டாக்டர் படித்துப் பார்த்தார் என்று எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் போதும், அது நாளைக்கு ஆதாரம். டாக்டர் பெயர் சொன்னால் அவருடைய பதிவு எண்ணை மருத்துவக் கவுன்சில் தளத்தில் சரிபார்க்கலாம். டாக்டர்களுக்கான 2002 நடத்தை விதிகள்தான் இன்றைக்கும் நடப்பில் இருப்பவை (2023இல் புதிதாக வந்ததை அதே மாதம் நிறுத்திவைத்துவிட்டார்கள்). அதன்படி சீட்டிலும் சான்றிதழிலும் பதிவு எண் இருக்க வேண்டும், நோயாளியை அனுப்பியதற்குக் கமிஷன் வாங்கக் கூடாது, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைக் கொடுக்க வேண்டும்.

பணம் கட்டி ஏமாந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே புகார் போடலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

சேக்ரமெண்டோ_தமிழ்:

நான் இருப்பது கலிபோர்னியாவில். இங்கே எப்படி என்று சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்பதால் எழுதுகிறேன்.

2009இல் எஸ்.பி. 132 என்று ஒரு சட்டம் இந்த மாநிலத்தில் நிறைவேறியது. அதற்கு முன்னால் இங்கேயும் கிட்டத்தட்ட உங்கள் கதைதான், ஸ்லீப் லேபில் ராத்திரி வேலை பார்ப்பவர்களுக்கு மாநில உரிமம் எதுவும் இல்லை. டெஸ்டின்போது மெஷினின் காற்றழுத்தத்தை ஏற்றி இறக்குவது சுவாச சிகிச்சையாளர் வேலை, அதை உரிமம் இல்லாதவர்கள் செய்யலாமா என்று அந்தத் துறை வாரியம் கேட்டதிலிருந்துதான் பிரச்சினை பெரிதானது. இப்போது டெக்னாலஜிஸ்ட், டெக்னீஷியன், பயிற்சி பெறுபவர் என்று மூன்று நிலை, எல்லோரும் மாநில மருத்துவ வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணி சோதனையும் உண்டு, தூங்குகிற மனிதர் பக்கத்தில் ராத்திரி முழுக்க இருக்கப்போகிறவர் என்பதால் அது நியாயமும்கூட. வேலை ஒரு டாக்டரின் மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும். என் மனைவிக்கு டெஸ்ட் எடுத்தபோது டெக்னாலஜிஸ்டின் பெயரைப் போட்டு வாரியத்தின் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் போனோம்.

டாக்டர் பக்கம் பார்த்தால், தூக்க மருத்துவத்துக்கென்று தனித் தேர்வு 2007இலிருந்து இருக்கிறது, நுரையீரல், நரம்பு, காது மூக்கு தொண்டை, குழந்தைகள் நலம் என்று பல துறைக்காரர்கள் அதை எழுதலாம். லேபின் தரத்தைப் பார்ப்பது பெரும்பாலும் அரசு அல்ல, அமெரிக்கன் அகாடமி ஆஃப் ஸ்லீப் மெடிசின் தரும் அங்கீகாரம்தான், அது இருக்கிறதா என்று பல காப்பீட்டுக்காரர்கள் கேட்பார்கள்.

ஆனால் உங்கள் விஷயத்துக்கு நேராகப் பொருந்துவது மெடிகேர் (முக்கியமாக முதியவர்களுக்கு அமெரிக்க மத்திய அரசு தரும் மருத்துவக் காப்பீடு) விதி ஒன்று. 2009 ஜனவரியிலிருந்து, வீட்டு ஸ்லீப் டெஸ்ட் எடுத்தவரே சிபேப் மெஷினையும் விற்றால் மெடிகேர் அந்த மெஷினுக்குப் பணம் தராது. விற்பவரின் துணை நிறுவனம் எடுத்தாலும் அதேதான். லேபில் ஆள் இருந்து எடுக்கும் முழு டெஸ்டுக்கு மட்டும் விலக்கு. இதை யாரோ உட்கார்ந்து யோசித்து எழுதியிருக்கிறார்கள். மெஷின் விற்பவர் கையில் டெஸ்டைக் கொடுத்தால் எல்லோருக்கும் 41தான் வரும்.

நாகை_கரை:

எல்லோரும் சொல்வது சரிதான், ஆனால் ஒன்று. எங்கள் ஊரிலிருந்து ஸ்லீப் லேப் என்றால் தஞ்சாவூர் அல்லது திருச்சி போக வேண்டும். என் அம்மாவுக்கு நடக்க முடியாது. வீட்டில் வந்து எடுத்த டெஸ்டால்தான் அவருக்கு நோய் இருப்பதே தெரிந்தது, இரண்டு வருடமாக மெஷின் போட்டு நன்றாக இருக்கிறார், காலைத் தலைவலி போய்விட்டது. விதியை இறுக்குகிறேன் என்று வீட்டு டெஸ்டையே இல்லாமல் ஆக்கிவிட்டால் எங்களைப் போன்றவர்கள் எங்கே போவது?

இரவுப்பணி:

அக்கா, வீட்டு டெஸ்டை யாரும் குறை சொல்லவில்லை, உங்கள் அம்மாவுக்கு அது சரியான வழிதான். உங்களுக்கு யார் எழுதிக் கொடுத்து எடுத்தார்கள்?

நாகை_கரை:

நுரையீரல் டாக்டர் சீட்டு எழுதினார், ரிப்போர்ட்டையும் அவர்தான் பார்த்துச் சொன்னார். மெஷின் நாங்கள் வேறு கடையில் வாங்கினோம்.

இரவுப்பணி:

அதுதான் வேண்டும். ஈரோடு தம்பிக்கு நடந்ததில் சீட்டும் இல்லை, பார்த்த டாக்டரும் இல்லை, டெஸ்ட் எடுத்தவரே விற்கவும் செய்கிறார். சட்டம் எழுதுகிறவர்கள் இந்த மூன்றையும் பிடித்தால் போதும், கருவி வீட்டில் இருக்கிறதா லேபில் இருக்கிறதா என்பது டாக்டர் முடிவு செய்ய வேண்டியது.

தம்பி, அப்பாவின் எக்கோ ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு, இந்த வாட்ஸ்அப் ரிப்போர்ட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு முதலில் இதய டாக்டரிடம் போங்கள். அதுவரை அப்பாவை மல்லாந்து படுக்க விடாமல் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், தூக்க மாத்திரை, மது கூடாது, வண்டி ஓட்ட வேண்டாம்.

ஈரோடு_மகன்:

எல்லோருக்கும் நன்றி. இதய டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். எக்கோ திரும்ப எடுத்தார்கள், லேபில் ஒரு ராத்திரி தங்கி முழு டெஸ்ட் எடுக்கச் சொல்லி அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார், வரும் வியாழக்கிழமை இரவு 8 மணிக்கு வரச் சொன்னார்கள். யார் ரிப்போர்ட் படிப்பார்கள் என்று கேட்டதற்கு டாக்டர் பெயரையும் பதிவு எண்ணையும் யோசிக்காமல் சொன்னார்கள்.

மெஷின்காரரிடம் எம்.டி.-42 நகலும் டாக்டர் பெயரும் வாட்ஸ்அப்பில் கேட்டேன். இரண்டு நீல டிக் வந்தது, பதில் இல்லை. அதற்கப்புறம் போனும் வரவில்லை. ஸ்கிரீன்ஷாட்டுகளை வைத்து மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன், கோப்பும்_தணிக்கையும் சார் ஒருமுறை படித்துப் பார்க்க முடியுமா?

கோப்பும்_தணிக்கையும்:

அனுப்புங்கள். நோட்டீஸை போட்டோ எடுத்து வைத்திருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள், தேதி தெரிகிற மாதிரி.