ரிலீஸ் மெடிக்கல் போர்டு: சதவீதம் உடம்பில் இருக்கிறது, பென்ஷன் காகிதத்தில் இருக்கிறது

போர்டு பிரிவில் கிளார்க்காக இருந்தவர்:

லோ மெடிக்கல் கேட்டகரியில், அதாவது உடல்தகுதி குறைந்த நிலையில், ஓய்வு பெறுகிற ஜவானுக்கு ஏ.எஃப்.எம்.எஸ்.எஃப்-16 படிவத்தில் ரிலீஸ் மெடிக்கல் போர்டு, அதாவது ராணுவ டாக்டர்கள் குழுவின் ஓய்வுக் காலப் பரிசோதனை, நடக்கும். ஷேப்-1-இல், அதாவது முழு உடல்தகுதியோடு, போகிறவருக்கு 18-ஆம் நம்பர் படிவம், அது வேறு கதை. 16-ஆம் நம்பரில் போர்டு இரண்டு விஷயங்களை எழுதியாக வேண்டும். ஒன்று, குறைபாடு எத்தனை சதவீதம். இன்னொன்று, அது சர்வீஸால் வந்ததா, சர்வீஸால் மோசமானதா. அதாவது ஆட்ரிபியூட்டபிளா, அக்ரவேட்டடா. இரண்டுமே இல்லை என்று எழுதிவிட்டால் 60 சதவீதம் போட்டிருந்தாலும் குறைபாட்டுக்கான பென்ஷனுக்கு (டிசபிலிட்டி பென்ஷன்) நிகர மதிப்பீடு 'நில்', அதாவது பூஜ்யம். நம்ம ஆட்கள் சதவீதத்துக்காகக் கவலைப்படுகிற அளவில் பத்தில் ஒரு பங்கு கூட இரண்டாவது கேள்விக்குப் படுவதில்லை.

அந்தக் கேள்விக்குப் போர்டு உங்களைப் பார்த்துப் பதில் எழுதுவதில்லை, ஃபைலைப் பார்த்துதான் எழுதுகிறது. ரத்த அழுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பீஸ் ஸ்டேஷனில், அதாவது களப் பணி இல்லாத அமைதியான முகாமில், தொடங்கியது என்றால் பெரும்பாலும் தள்ளுபடி. ஃபீல்டில் (களப் பகுதியில்), உயரமான மலைப்பகுதியில், கிளர்ச்சி ஒடுக்கும் பணியில் இருந்தபோது தொடங்கியது என்றால் அக்ரவேட்டட். நோய் தொடங்கிய தேதியும் இடமும் வழக்கமாக முதல் அட்மிஷன் கேஸ் ஷீட்டிலிருந்து ஏறும். ஃபீல்டில் ஆர்.எம்.ஓ. (யூனிட் டாக்டர்) ஏற்கெனவே 150/100 என்று குறித்திருப்பார், ஆனால் அட்மிஷன் ஆனது பீஸ் போஸ்டிங் வந்த பிறகு. அந்த முதல் குறிப்பின் நகல் ஃபைலில் இல்லாவிட்டால் பீஸ் ஸ்டேஷன்தான் நிற்கும். ஆகவே பர்சனல் ஸ்டேட்மென்டில் (போர்டுக்கு நீங்கள் எழுதித் தரும் விவரத்தில்) எங்கெங்கே, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, ஃபீல்டா பீஸா என்பதை விட்டுவிடாமல் எழுதுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு 'நீங்களே நிரப்பிக்கோங்க சாப்' என்று சொல்வதைப் போன்ற முட்டாள்தனம் வேறில்லை.

மாரடைப்பு என்றால் அதற்கு முந்தைய 14 நாள் என்ன டியூட்டி என்ற அறிக்கை யூனிட்டிலிருந்து வர வேண்டும். 'நார்மல் டியூட்டி' என்று ஒரே வரியில் அனுப்பும் யூனிட்கள் நிறைய. நைட் கார்டு, நீண்ட தூர மார்ச், பட்டாலியன் ஃபயரிங் என்று இருந்தது இருந்தபடி நாள்வாரியாக எழுதச் சொல்லி அப்போதே கேளுங்கள். யூனிட் இடம் மாறி, சி.ஓ.வும் (கமாண்டிங் ஆபீசர்) மாறிய பிறகு டியூட்டி ரோஸ்டரைத் தேடுவது வீண் வேலை.

அடிபட்டது என்றால் ஐ.ஏ.எஃப்.ஒய்-2006, அதாவது இன்ஜுரி ரிப்போர்ட். அதில் டியூட்டியில் இருந்தாரா என்று சி.ஓ. எழுதும் குறிப்புதான் உயிர். லீவுக்குப் போகிற, திரும்புகிற பயணத்தில் நடந்தது என்றால் ரயில் வாரண்ட், டிக்கெட், லீவ் சர்டிபிகேட் மூன்றையும் சேர்த்து வையுங்கள்.

ராணுவ மருத்துவமனை பிசியோ பிரிவில் இருந்தவர்:

மேலே சொன்னதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சதவீதம் தானாக வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். போர்டு அன்று தலைவரும் உறுப்பினர்களும் பார்ப்பது கொஞ்ச நேரம்தான். எண்கள் முன்கூட்டியே ஸ்பெஷலிஸ்ட் ஒபீனியனில் இறங்கிவிடும். அந்த நாளுக்குத்தான் தயாராக வேண்டும்.

முழங்கால், இடுப்பு, தோள் எதுவானாலும் மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது என்று கோனியோமீட்டர் வைத்து அளப்பார்கள். வலி எந்த டிகிரியில் தொடங்குகிறது என்பதை அந்த இடத்திலேயே வாய் திறந்து சொல்லுங்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கடைசி வரை மடக்கிக் காட்டுவது பரேடில் சரி. இங்கே அது 'முழு அசைவு, வலி இல்லை' என்று பதிவாகும். மாத்திரை போட்டுக்கொண்டு போனால் அதையும் சொல்லுங்கள்.

நடிப்பும் வேண்டாம். படுக்க வைத்துக் காலை நீட்டித் தூக்கும்போது 30 டிகிரியில் அலறுகிறவர், கட்டிலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது டாக்டர் பாதத்தைப் பார்ப்பது போல முழங்காலை நீட்டினால் பேசாமல் இருப்பார். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நரம்பை இழுக்கிற சோதனை. அங்கே மாட்டிக்கொண்டால் உண்மையான வலியையும் நம்ப மாட்டார்கள். அதே போல முட்டிச் சில்லுக்கு மேல் ஒரே தூரத்தில் இரண்டு தொடையின் சுற்றளவையும் டேப் வைத்து அளப்பார்கள். பல வருஷமாகத் தாங்கித் தாங்கி நடந்த கால் தசை கரைந்து சிறுத்திருக்கும். டேப்பை ஏமாற்ற முடியாது. அது உங்களுக்குச் சாதகமான சாட்சியும் கூட. அந்த அளவு ரிப்போர்ட்டில் ஏறாவிட்டால் மரியாதையாகக் கேளுங்கள்.

இன்னொன்று. ஆபரேஷனோ சிகிச்சையோ வேண்டாமென்று மறுத்தீர்களா என்று படிவத்தில் ஒரு கேள்வி உண்டு. ஆம் என்றால், மறுப்பு நியாயமானதா என்றும் போர்டு பார்க்கும். நியாயமில்லை என்று எழுதினால் மதிப்பீடு குறையலாம். மறுத்திருந்தால் காரணமும், டாக்டர் அப்போது சொன்ன ஆபத்தும் எழுத்தில் இருக்கட்டும்.

காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் ஆடியோகிராம் எடுத்தவர்:

பீரங்கிப் படை, டாங்கி, சிக்னல்ஸ் ஆட்களுக்காக இது. ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறனை வரைபடமாகக் காட்டும் சோதனை. அந்தச் சோதனைக்கு முன் 16 மணி நேரமாவது ஃபயரிங் ரேஞ்ச், ஜெனரேட்டர் பக்கம் போகாதீர்கள். சத்தத்துக்குப் பிறகு காது தற்காலிகமாக மந்தமாகும். அந்த எண் மறுசோதனையில் நிற்காது, 'முரண்பட்ட பதில்' என்று எழுதிவிடுவார்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும். காற்று வழி, எலும்பு வழி இரண்டு கோடும் ஆடியோகிராமில் இருக்கிறதா பாருங்கள். இரண்டும் சேர்ந்தே இறங்கினால் உள்காது நரம்புக் குறை. இடைவெளி இருந்தால் நடுக்காதுப் பிரச்சினை, அதைச் சத்தத்தின் தலையில் கட்டுவது கஷ்டம். துப்பாக்கிச் சத்தத்தால் வந்த குறைக்கு 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் தெரியும். சர்வீஸ் நடுவில் எடுத்த பழைய ஆடியோகிராம்கள் இருந்தால் வரிசையாக இணையுங்கள். பள்ளம் வருஷா வருஷம் ஆழமாவதைக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை.

பென்ஷன் வழக்குகளில் உதவுபவர்:

போர்டு முடிந்த பிறகு நடப்பதைச் சொல்கிறேன். ஓய்வு பெற்றவருக்குக் குறைந்தது 20 சதவீதம் வேண்டும், 19 என்றால் ஒன்றும் இல்லை. இரண்டு மூன்று நோய் இருந்தால் கூட்டு மதிப்பீடு போடுவார்கள். 30-ம் 20-ம் சேர்ந்து 50 ஆகாது. பிராட்பேண்டிங், அதாவது சதவீதத்தை மேல் படிக்கு ஏற்றிக் கணக்கிடும் முறை, தெரிந்தவர்களுக்கு இது ஏன் முக்கியம் என்று புரியும்: 50-க்குக் கீழே இருந்தால் 50 ஆகும், 50 முதல் 75 வரை 75 ஆகும், 76-லிருந்து 100 ஆகும். 49-க்கும் 50-க்கும் இடையில் ஒரு சதவீதம் இல்லை, 25 சதவீதம் இருக்கிறது. சர்வீஸ் முடித்து ஓய்வு பெற்றவர்களுக்கும் இது உண்டு என்று ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 10.12.2014 அன்று சொல்லிவிட்டது. 100 சதவீதத்துக்கு, கடைசியாக வாங்கிய ஊதியத்தில் 30 சதவீதம். கடைசி ஊதியம் 50,000 ரூபாய், 50 சதவீதக் குறைபாடு என்றால் மாதம் 7,500 ரூபாய், அதன் மேல் அகவிலை நிவாரணம்.

கிளார்க் நண்பர் சொன்னதோடு இதையும் பாருங்கள்: 'பிறவிக் கூறு, சர்வீஸுக்குத் தொடர்பில்லை' என்ற ஒற்றை வரியில் தள்ளியிருந்தால் காரணம் எங்கே என்று கேளுங்கள். தரம்வீர் சிங் வழக்கில், 2013-இல், இதே விஷயம்தான். சேரும்போது அந்த நோய் குறிக்கப்படவில்லை என்றால், சேரும்போதே ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போர்டு காரணம் எழுத வேண்டும் என்றது நீதிமன்றம். அது 1982 விதிகளின் (இந்தப் பென்ஷனுக்கான தகுதி விதிகள்) கீழ் வந்த தீர்ப்பு. உங்களுக்கு எந்த விதி என்பது ஓய்வுத் தேதியைப் பொறுத்தது, 21.9.2023-லிருந்து ஓய்வு பெற்றவர்களுக்கு 2023 விதிகள், வாசகம் வேறு. பழைய மனுவை அப்படியே நகலெடுத்து அனுப்புகிறவர்கள் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல், அதுவும் போனால் இரண்டாவது அப்பீல், பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை கிளை. எழுத உட்காரும் முன் போர்டு நடவடிக்கையின் முழு நகல் கையில் இருக்க வேண்டும். ரெக்கார்ட் ஆபீஸுக்கு (சர்வீஸ் ஆவணங்களை வைத்திருக்கும் அலுவலகம்) எழுதிக் கேளுங்கள், வராவிட்டால் பத்து ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு. பதிலுக்கு 30 நாள் கணக்கு. வெறும் கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்புவார்கள். பர்சனல் ஸ்டேட்மென்டும் ஸ்பெஷலிஸ்ட் ஒபீனியனும் சி.ஓ. அறிக்கையும் தனித்தனியாகப் பேர் சொல்லிக் கேட்டால்தான் வரும்.